மலைநாட்டு இல்லங்களில் சோப்பும் மெழுகுவர்த்தியும்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான பாடம்)

பழநி மலைத்தொடரில் உள்ள கிராமங்களில் மழையும் மூடுபனியும் கூடிய மாதங்களில் தோட்ட வேலை குறைந்து, வீட்டில் ஓய்வு வேளை அதிகமாகின்றது. அவ்வேளையில் சோப்பும் மெழுகுவர்த்தியும் தம் கையால் செய்து பார்க்கும் பழக்கம் கொடைக்கானலிலும் அதனைச் சார்ந்த ஊர்களிலும் சில குடும்பங்களில் உண்டு. பொழுதுபோக்காகத் தொடங்கும் இக்காரியம், சிறிது தேர்ச்சி ஏற்பட்டவுடன் விற்பனையை நாடுகின்றது. மலைக்கு வரும் பிரயாணிகள் கைவேலைப் பண்டங்களை விரும்பி வாங்குவதே இதற்குக் காரணம்.

இத்தொழிலில் இரண்டு படிகள் உண்டு. வீட்டு உபயோகத்திற்காகச் செய்வது முதற்படி. அதற்கு நல்ல தராசும், பொறுமையும், ஜாக்கிரதையும் போதும். விலைக்குச் செய்வது இரண்டாம் படி. அதற்குரிய சாதனங்களும், பரிசோதனையும், சட்ட அனுமதியும் ஒரு தனிக் குடும்பத்தின் சக்திக்கு மேற்பட்டவை. ஆனால் ஒரு சங்கத்தின் சக்திக்கு உட்பட்டவை. இவ்விரண்டு படிகளையும் வரிசையாக விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

1. இரு தொழிலுக்கும் ஒரே சாஸ்திரம்

எண்ணெயும் கொழுப்பும் காரத்தோடு சேர்ந்து வேறு பொருளாக மாறுவதே சோப்பு. இம்மாறுதலின் உண்மையை மிஷேல் ஷெவ்ரல் என்னும் பிரெஞ்சு ரசாயன அறிஞர் ஆராய்ந்து 1823-ல் நூலாக வெளியிட்டார். எண்ணெய் என்பது கொழுப்பு அமிலங்களும் கிளிசரினும் சேர்ந்த கூட்டுப் பொருள் என்று அவர் காட்டினார். காரம் அந்த அமிலங்களைப் பற்றிக்கொள்ளச் சோப்பு உண்டாகின்றது. கிளிசரின் பிரிந்து நிற்கின்றது. அதே ஆராய்ச்சியிலிருந்துதான் கொழுப்பு அமிலத்தால் வார்க்கப்படும் கெட்டியான மெழுகுவர்த்தியும் பிறந்தது. ஆகவே சோப்பையும் மெழுகுவர்த்தியையும் ஒரே பட்டறையில் செய்யும் வழக்கம் மேல்நாட்டில் நெடுங்காலம் இருந்தது.

நம் நாட்டில் சீயக்காய், பூந்திக்கொட்டை, அரப்பு, உவர்மண், சாம்பல் ஆகியவற்றால் அழுக்கு நீக்கும் வழக்கம் தொன்மையானது. எண்ணெயைக் காரத்தோடு சேர்க்கும் முறையைச் சென்னை ராஜதானியில் அரசாங்கமே கற்பிக்க முன்வந்த வரலாறு கூட்டுறவு அங்கத்தினர் அறியத்தக்கது. சர் பிரடெரிக் நிக்கல்ஸன் என்பவர் விவசாய பாங்குகளைப் பற்றி 1895, 1897-ஆம் ஆண்டுகளில் அறிக்கை அளித்து, ஜெர்மனியில் ரைபைசன் ஏற்படுத்திய கிராமச் சங்கங்களை இந்நாட்டுக்கு ஏற்ற மாதிரியாக எடுத்துக்காட்டினார். 1904-ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்திற்கு அவ்வறிக்கை ஓர் அடிப்படையாயிற்று. அதே நிக்கல்ஸன் பிற்காலத்தில் மீன்துறைப் பணியை ஏற்று நடத்தினார். அத்துறையின் முயற்சியால் 1914-ல் கோழிக்கோட்டில் ஒரு சோப்புத் தொழிற்கூடம் ஏற்பட்டது. கடனுக்குச் சங்கம் வேண்டும் என்று வாதாடிய ஒருவரே கைத்தொழிலுக்குப் பயிற்சி வேண்டும் என்பதையும் உணர்ந்திருந்தார்.

2. தராசே பிரதானம்

சோப்பு கெட்டுப்போவதற்கு முதற்காரணம் டம்ளராலும் கண்ணளவாலும் அளப்பதாகும். ஒவ்வோர் எண்ணெயும் தனக்கென்று ஒரு குறிப்பிட்ட அளவு காரத்தையே ஏற்கும். 100 கிராம் எண்ணெய் முழுவதும் சோப்பாக மாறத் தேவையான காஸ்டிக் சோடா உத்தேசமாகப் பின்வருமாறு:

தேங்காயெண்ணெய் – 18.3 கிராம்
வேப்பெண்ணெய் – 13.9 கிராம்
கடலையெண்ணெய் – 13.6 கிராம்
ஆமணக்கெண்ணெய் – 12.8 கிராம்

இக்கணக்கைக் கொண்டு ஒரு கிலோ எண்ணெய்க்கான கலவை ஒன்றைப் பார்க்கலாம். தேங்காயெண்ணெய் 600 கிராம், கடலையெண்ணெய் 200 கிராம், வேப்பெண்ணெய் 100 கிராம், ஆமணக்கெண்ணெய் 100 கிராம் எனக் கொண்டால், அவற்றிற்கு வேண்டிய காரம் முறையே 109.8, 27.2, 13.9, 12.8 கிராம், ஆக மொத்தம் 163.7 கிராம். ஆனால் இம்முழு அளவையும் இடலாகாது. எண்ணெயில் சுமார் நூற்றுக்கு எட்டுப் பங்கு மாறாமல் எஞ்சி நின்றால்தான் சோப்பு தோலை எரிக்காமலும் வறளச் செய்யாமலும் இருக்கும். ஆதலால் 150 கிராம் காஸ்டிக் சோடாவே போதுமானது. அதனைக் கரைக்க 330 கிராம் தண்ணீர் வேண்டும்.

இங்கே மூன்று தவறுகள் அடிக்கடி நேர்கின்றன.

முதலாவது, ஒரு லிட்டர் எண்ணெயை ஒரு கிலோ என்று எண்ணுவது. ஒரு லிட்டர் எண்ணெயின் எடை ஏறத்தாழ 915 கிராமே. மேற்கண்ட கலவையை லிட்டர் கணக்கில் எடுத்தால் அதற்கு வேண்டிய முழுக் காரமே சுமார் 150 கிராம்தான். பாதுகாப்புக்காக விட்டுவைத்த எண்ணெய் முழுவதும் அத்தவற்றால் மறைந்துவிடும். தராசில் சிறிது பிசகு நேர்ந்தாலும் அச்சோப்பில் காரம் மிஞ்சும்.

இரண்டாவது, எண்ணெயை மாற்றிவிட்டுக் காரத்தை மாற்றாதிருப்பது. தேங்காயெண்ணெயின் விலை ஏறிய சமயத்தில், அந்த 600 கிராமுக்குப் பதிலாகக் கடலையெண்ணெயையே ஊற்றினால், வேண்டிய காரம் 135.5 கிராமாகக் குறைகின்றது. முன்போல 150 கிராம் இட்டால் 14.5 கிராம் காரம் தங்க இடமின்றிச் சோப்பிலேயே நின்று, குளிப்பவரின் தோலைத் தாக்கும். குழந்தைகளின் தோலுக்கு இதனால் விளையும் கேடு பெரிது.

மூன்றாவது, காஸ்டிக் சோடாவைக் கரண்டியால் அளப்பது. செதில் வடிவில் இருப்பதும் மணி வடிவில் இருப்பதும் ஒரே கரண்டியில் ஒரே எடை நில்லா. மேலும் மலையின் ஈரக்காற்றில் திறந்து வைக்கப்பட்ட காஸ்டிக் சோடா நீரையும் கரியமில வாயுவையும் உறிஞ்சி வலுவிழக்கின்றது. எடை சரியாக இருந்தும் சோப்பு பிசுபிசுத்துப் போனால், காரம் பழையதா என்று முதலில் பார்க்க வேண்டும். சிறு பொட்டலங்களாக வாங்கி, திறந்ததை விரைவில் உபயோகித்து, மீதியைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் அடைப்பது உத்தமம்.

ஒரு கிராம் வரை காட்டும் மின்தராசு இத்தொழிலுக்கு முதல் மூலதனம். வாசனையும் வண்ணமும் அதற்குப் பிறகே.

3. காஸ்டிக் சோடாவின் அபாயம்

காஸ்டிக் சோடா பார்வைக்குக் கல்லுப்பையோ கற்கண்டுத் தூளையோ ஒத்திருக்கும். சமையலறை அலமாரியில், பெயரெழுதாத டப்பாவில் அதனை வைப்பது பெரும் தீங்குக்கு வழி. குழந்தை விழுங்கினால் தொண்டையும் உணவுக்குழாயும் வெந்துவிடும். ஆகவே தனி டப்பா, பெரிய எழுத்தில் பெயர், பூட்டிய இடம் ஆகிய மூன்றும் இன்றியமையாதவை. கரைத்த காரநீரை டம்ளரிலோ தண்ணீர் பாட்டிலிலோ ஒருபோதும் வைக்கலாகாது.

கரைக்கும்போது தண்ணீரில் சோடாவைச் சிறிது சிறிதாக இட வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் அது கொதித்துத் தெறிக்கும். சாதாரணத் தண்ணீரில் கரைத்தாலும் சூடு 80 டிகிரி சென்டிகிரேட் வரை ஏறும். மூச்சை அடைக்கும் ஆவி எழும்பும். ஆகையால் கதவு ஜன்னல் திறந்த இடத்தில், அல்லது வெளித் தாழ்வாரத்தில் நின்று கரைக்க வேண்டும். கையுறை, கண்ணை முழுதும் மூடும் கண்ணாடி, முழுக்கைச் சட்டை ஆகியவை அவசியம்.

பாத்திரம் எவர்சில்வராகவோ கெட்டியான பிளாஸ்டிக்காகவோ இருக்க வேண்டும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. காரம் அலுமினியத்தை அரித்துத் தீப்பற்றும் வாயுவை உண்டாக்கும். சோப்புக்கு எடுத்த பாத்திரத்தைச் சமையலுக்குத் திரும்பக் கொண்டுவராமல் தனியே வைப்பது முறை.

தோலில் பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் இமையை விரித்து 20 நிமிஷத்திற்குக் குறையாமல் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். எலுமிச்சம் பழச்சாறு, காடி முதலியவற்றைக் காயத்தில் ஊற்றுவது தவறு. மலைக் கிராமங்களிலிருந்து ஆஸ்பத்திரி வெகுதூரமாதலால், வேலையைத் தொடங்குமுன் ஒரு குடம் சுத்தத் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுதல் நலம். சிறு குழந்தைகள் வீட்டில் நடமாடும் வேளையில் இவ்வேலையைத் தொடங்கலாகாது.

4. செய்முறை

காரநீரைத் தயாரித்து ஆறவிட வேண்டும். எண்ணெய்களை எடைபோட்டு ஒன்றாகச் சேர்த்து இளஞ்சூடாக்க வேண்டும். இரண்டும் சுமார் 40 டிகிரிக்கு வந்தபின், காரநீரை எண்ணெயில் மெல்லிய தாரையாக ஊற்றி எவர்சில்வர் கரண்டியால் இடைவிடாது கிளற வேண்டும். கலவை மோர்க்குழம்பு போலத் தடித்து, கரண்டியிலிருந்து விழும் துளி மேற்பரப்பில் சிறிது நேரம் கோடாக நின்றால், அது பக்குவம். அப்போது வேண்டுமாயின் மலையில் கிடைக்கும் யூகலிப்டஸ் தைலம் 20 கிராம் சேர்க்கலாம். தைலம் மிகுந்தால் தோலில் எரிச்சல் உண்டாகும்.

பின்னர் காகிதம் விரித்த மரப்பெட்டியில் ஊற்றி மூடி, ஒன்று அல்லது இரண்டு நாள் கழித்துக் கையுறையுடன் எடுத்துத் துண்டமிட வேண்டும். ஈரத்தோடு சுமார் 1,480 கிராம் இருக்கும் சோப்பு, உலர்ந்தபின் ஏறத்தாழ 1,300 கிராமாகும். அதாவது 100 கிராம் நிறையுள்ள 13 கட்டிகள் தேறும்.

துண்டங்களைக் காற்றோட்டமுள்ள பரணில், ஒன்றையொன்று தொடாமல் அடுக்கி உலர்த்த வேண்டும். நனைத்த சோப்பில் காரம் காட்டும் காகிதத்தை வைத்துப் பார்த்தால் 9 முதல் 10 வரை காட்டுவது இயல்பு. 11-க்கு மேற்பட்டால் அதனைக் குளிக்க உபயோகிக்கலாகாது. வெட்டிய முகத்தில் நீர்க்குமிழியோ வெண்மையான தூள் திட்டோ கண்டாலும் அவ்வாறே ஒதுக்க வேண்டும். நாக்கில் வைத்துச் சோதிப்பது குழந்தைகளுக்குத் தீய வழி காட்டுவதாகும். அதனைத் தவிர்ப்பது நன்று. எடைகள் நோட்டில் எழுதப்பட்டிருந்தால், மிஞ்சிய காரத்தைக் கணக்கிட்டு, அதற்கேற்ற எண்ணெய் சேர்த்து மீண்டும் உருக்கித் திருத்தலாம். எழுதி வைக்காதவருக்கு அவ்வழி இல்லை.

5. மலைக்குளிரால் வரும் மாறுதல்கள்

சமவெளியில் கற்ற செய்முறையை அப்படியே மலையில் கையாண்டால் சில இடங்களில் ஏமாற்றம் நேரும். கொடைக்கானல் கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. தேங்காயெண்ணெய் 24 டிகிரியளவில் உறைவதாகையால் அங்கே ஆண்டின் பெரும்பகுதி கட்டியாகவே இருக்கும். உருக்கிய எண்ணெய் கிளறும்போதே குளிர்ந்து உறையத் தொடங்கினால், கலவை தடித்துப் பக்குவம் வந்ததுபோலத் தோன்றும். உண்மையில் காரம் எண்ணெயோடு சேர்ந்திராது. அதனைப் பெட்டியில் ஊற்றினால் காரநீர் அடியில் தனியே தேங்கும். இந்தப் பொய்ப் பக்குவமே மலையில் பலருடைய சோப்பு கெடுவதற்குக் காரணம். உஷ்ணமானி வைத்து, கலவை 38 டிகிரிக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சந்தேகம் எழுந்தால் வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து மீண்டும் கிளற வேண்டும். தடிப்பு கரைந்துபோனால் அது பொய்ப் பக்குவம் என்று அறியலாம்.

ஊற்றிய பெட்டியைக் கம்பளியால் சுற்றி ஒருநாள் வைத்தால் உட்சூடு நின்று சோப்பு முற்றும். சமவெளியில் நான்கு வாரத்தில் உலரும் சோப்பு, பனிமூட்டமுள்ள மாதங்களில் ஆறு முதல் எட்டு வாரம் வரை கேட்கும். வாரந்தோறும் ஒரே கட்டியை எடைபோட்டு, இரண்டு வாரம் எடை குறையாமல் நின்றால் உலர்ந்ததெனக் கொள்ளலாம்.

6. தேன்மெழுகு

சோப்புக்கு வேண்டிய எண்ணெய் பெரும்பாலும் கீழ்நாட்டிலிருந்து மலை ஏறி வர வேண்டும். மெழுகோ மலையின் சொந்தப் பொருள். பாறைகளில் பெரிய அடை கட்டும் மலைத்தேனீயும், மரப்பொந்திலும் பெட்டியிலும் வாழும் அடுக்குத் தேனீயும் மெழுகு தருவன. ஒரு கிலோ மெழுகு சுரக்கத் தேனீக்கள் 6 முதல் 8 கிலோ வரை தேன் உண்கின்றன என்பது தேனீ வளர்ப்போர் வழக்கமாகக் கூறும் கணக்கு. அவ்வளவு அரிய பொருளைத் தேன் பிழிந்தபின் சக்கையென்று எறிந்துவிடுவதும், அற்ப விலைக்குக் கொடுப்பதும் வருந்தத்தக்கன.

பெட்டியில் தேனீ வளர்க்கும் முறை தென்னாட்டில் பரவியதற்குக் கத்தோலிக்கப் பாதிரியாரான நியூட்டன் பெரிதும் காரணமானவர். அவர் பெயரால் வழங்கும் சிறிய பெட்டி அடுக்குத் தேனீக்கு ஏற்றது. 1920-களில் மார்த்தாண்டத்தில் ஸ்பென்ஸர் ஹாட்ச் என்பவர் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் சார்பில் நடத்திய கிராம புனருத்தாரண நிலையம், தேனீ வளர்ப்பைக் குடிசைத் தொழிலாகப் பரப்பிப் புகழ்பெற்றது. 1991, 1992-ஆம் ஆண்டுகளில் புழுக்களைத் தாக்கும் ஒரு வைரஸ் நோய் தென்னிந்தியாவில் பரவி அடுக்குத் தேனீக் கூட்டங்களில் பெரும்பாலானவற்றை அழித்தது. அதன்பின் தொழில் தலையெடுக்கப் பல ஆண்டுகள் சென்றன. ஆகவே தேனடையை முழுதும் அறுத்தெடுக்காமல், புழுவுள்ள பகுதியைத் தேனீக்களுக்கே விட்டுவிடுவது மெழுகுத் தொழிலுக்கும் காவலாகும்.

காட்டில் தேன் எடுப்பது பளியர் முதலான பழங்குடி மக்களின் பரம்பரைத் தொழில். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், தேனையும் மெழுகையும் சிறு வனப்பொருள்களில் சேர்த்து, காட்டில் வாழும் மக்களுக்கு அவற்றின்மேல் உரிமையை அங்கீகரித்துள்ளது. 2013-ல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. உரிமையில்லாதவர் காட்டினுள் புகுந்து அடை எடுப்பது குற்றம். மெழுகு வேண்டுவோர் அவ்வுரிமையுடையவரிடம் நியாய விலைக்கு வாங்குவதே முறை.

அடையைச் சுத்தம் செய்யும் விதம்: தேன் பிழிந்த அடையை மழைநீரில் ஊறவைத்துக் கழுவி, துணிப்பையில் கட்டி, வெந்நீரில் அமிழ்த்தி அழுத்த வேண்டும். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகி மேலே மிதக்கும். அதனை மெல்ல ஆறவிட்டால் தட்டாக உறையும். அடியில் ஒட்டிய கசடைச் சுரண்டி, ஒருமுறை மீண்டும் உருக்கித் துணியில் வடிகட்ட வேண்டும். இரும்பு, செம்புப் பாத்திரங்கள் மெழுகின் நிறத்தைக் கெடுக்கும்.

7. வர்த்தி வார்த்தல்

மெழுகை நேரே அடுப்பில் வைத்து உருக்கலாகாது. வெந்நீர்ப் பாத்திரத்தினுள் மற்றொரு பாத்திரத்தை வைத்தே உருக்க வேண்டும். கொடைக்கானல் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியளவிலேயே கொதிப்பதால், தண்ணீர் வற்றாத வரையில் மெழுகு அதற்குமேல் சூடேறாது. மெழுகில் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றக்கூடாது; ஊற்றினால் தீ சிதறிப் பரவும். தட்டால் மூடி அணைக்க வேண்டும்.

திரிக்குச் சுத்தப் பருத்தி நூலை முறுக்கி, முதலில் உருகிய மெழுகில் தோய்த்து நேராக உலர்த்த வேண்டும். தேன்மெழுகு கடையில் விற்கும் பாரபின் மெழுகைவிடப் பிசுபிசுப்பு மிகுந்ததாகையால் சற்றுத் தடித்த திரி வேண்டும். திரி மெல்லியதானால் சுடர் நடுவில் குழி பறித்து அணையும், தடித்தால் புகையும். மூன்று தடிப்புகளில் மூன்று வர்த்தி செய்து எரித்துப் பார்த்து, சரியானதைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

நீளவாக்கில் பிளந்து சேர்த்துக் கட்டிய மூங்கில் குழலின் உட்புறம் சிறிது எண்ணெய் தடவி, நடுவில் திரியை நிறுத்தி, 70 முதல் 75 டிகிரிச் சூட்டில் மெழுகை ஊற்றலாம். ஆறும்போது நடுவில் குழி விழும். அதனை மறுபடி ஊற்றி நிரப்ப வேண்டும். குழல் இல்லாதவர் திரியை மெழுகில் தோய்த்து ஆறவிட்டு, மீண்டும் மீண்டும் தோய்த்துப் பருமனாக்கலாம்.

இதன் பயன் வீட்டிற்கு நேரானது. 2018 நவம்பர் மாதத்தில் கஜா புயல் மலையைக் கடந்தபோது மரங்கள் சாய்ந்து மின்சாரம் தடைப்பட்டது. அப்படிப்பட்ட இரவுகளில் வீட்டில் வார்த்த பத்து வர்த்திகள் பெருந்துணையாகும்.

8. உண்மையான கணக்கு

பொழுதுபோக்கானாலும் கணக்கு வேண்டும். எண்ணெய், காஸ்டிக் சோடா, தைலம், விறகு அல்லது காஸ், காகிதம், வண்டிச் சத்தம், கூலி ஆகிய யாவற்றையும் எழுத வேண்டும். வீட்டு ஸ்திரீகளின் உழைப்புக்குக் கூலி எழுதாமல் விடுவதே லாபம் இருப்பதுபோல் தோன்றச் செய்யும் பெரும்பிழை.

உதாரணமாக, 13 கட்டிகளுக்கு மொத்தச் செலவு 520 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒன்றின் அடக்கவிலை 40 ரூபாய். ஆனால் இரண்டு உடைந்து, ஒன்று விற்காமல் நின்றால், செலவைப் பத்துக் கட்டிகளே தாங்க வேண்டும். அடக்கவிலை 52 ரூபாயாகும். 45 ரூபாய்க்கு விற்றவர் லாபம் பெற்றதாக எண்ணிக்கொண்டே நஷ்டப்படுகிறார். செய்த கட்டிகளால் வகுக்காமல், விற்ற கட்டிகளால் வகுப்பதே சரியான கணக்கு.

9. விற்பனையும் சட்டமும்

தன் வீட்டுக்குச் செய்யும் சோப்புக்கு அனுமதி வேண்டுவதில்லை. விற்பதற்குச் செய்யும் குளியல் சோப்போ அழகுசாதனப் பொருளாகச் சட்டத்தால் கருதப்படுகிறது. 1940-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருள்கள் சட்டமும், 2020-ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகளும் அதனை ஆள்கின்றன. தக்க இடம், சாதனம், தகுதியுள்ளவரின் மேற்பார்வை இவற்றைக் காட்டி மாநில அதிகாரியிடம் லைசென்ஸ் பெற்ற பின்னரே விலைக்குச் செய்யலாம். மெழுகுவர்த்திக்கு இந்த லைசென்ஸ் இல்லை. ஆகையால் விற்பனையில் முதலில் கால்வைக்க விரும்புவோர்க்கு மெழுகுவர்த்தியே எளிய வழி.

பொட்டலமாக விற்கும் பண்டத்தின்மேல் நிகர எடை, விலை, செய்தவர் விலாசம், செய்த மாதம் ஆகியவை அச்சிடப்பட வேண்டும். ஈரச் சோப்பை எடைபோட்டு அச்சிட்டால், வாங்குபவர் கைக்குப் போகும்போது எடை குறைந்திருக்கும். உலர்ந்தபின் கண்ட எடையையே குறிப்பிட வேண்டும். ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றிற்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை உண்டு. மலையில் காகித உறையே தகுந்தது.

10. சங்கம் செய்யத்தக்கவை

மேற்கண்ட லைசென்ஸுக்கு உரிய கட்டிடத்தையும் மேற்பார்வையாளரையும் ஒரு குடும்பம் தனித்து ஏற்படுத்த இயலாது. இருபது குடும்பங்கள் சேர்ந்தால் இயலும். எண்ணெயை மொத்தமாக வாங்குவது, காஸ்டிக் சோடாவை ஓரிடத்தில் பூட்டி வைத்து எடைபோட்டுக் கொடுப்பது, ஒவ்வொரு வார்ப்பையும் சோதித்து எண்ணிடுவது, ஒரே பெயரில் விற்பது ஆகிய நான்கும் சங்கத்தின் வேலைகள். ஒருவருடைய சோப்பு ஒரு குழந்தையின் தோலைப் புண்ணாக்கினால், அச்செய்தி மலையில் செய்யும் எல்லாச் சோப்பின் விற்பனையையும் கெடுக்கும். ஆதலால் அண்டை வீட்டாரின் தராசு சரியாக இருப்பதும் ஒவ்வோர் அங்கத்தினரின் நலனாகும்.

இதற்கு எடுத்துக்காட்டு நீலகிரியில் உள்ளது. 1993-ல் தோன்றிய கீஸ்டோன் நிறுவனம் கோத்தகிரியைத் தலைமையிடமாகக் கொண்டு, பழங்குடித் தேன் எடுப்போருடன் பணியாற்றி, மெழுகை வர்த்தியாகவும் பிற பண்டங்களாகவும் மாற்றிப் பயன்பெறும் வழியை வளர்த்தது. 2013-ல் ஏற்பட்ட ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் கம்பெனியில் பழங்குடி அங்கத்தினரே பங்குதாரர்கள். அடை எடுப்பவருக்கும் வர்த்தியின் லாபத்தில் பங்கு உண்டு என்னும் ஏற்பாடே இதில் கவனிக்கத்தக்கது. பழநி மலையில் மெழுகை வாங்க எண்ணும் சங்கமும், அதனைத் தரும் பளியரை வெறும் விற்பனையாளராக எண்ணாமல் அங்கத்தினராகச் சேர்த்துக்கொள்வது நியாயமும் லாபமும் ஆகும்.

சங்கம் இவ்வேலையை மேற்கொள்ளுமுன், அது தன் துணைவிதிகளில் குறிப்பிட்ட நோக்கங்களுள் அடங்குகிறதா என்று பார்த்து, இல்லையேல் பொதுச்சபையில் திருத்தம் நிறைவேற்றிப் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஓராண்டு காலம் அங்கத்தினர் வீட்டு உபயோகத்திற்கே செய்து, நோட்டில் எழுதி, தேர்ச்சி பெற்ற பின்னரே சந்தைக்குச் செல்வது விவேகம்.

சங்கக் கூட்டத்தில் ஆலோசிக்க வேண்டிய வினாக்கள்

(1) நம் ஊரில் சோப்பு செய்யும் வீடுகளில் கிராம் காட்டும் தராசு எத்தனை வீடுகளில் உண்டு? சங்கம் ஒன்றை வாங்கிப் பொதுவில் வைக்கலாமா?

(2) காஸ்டிக் சோடா எங்கே, எவ்விதம் வைக்கப்படுகிறது? குழந்தைகளின் கைக்கு எட்டுமா?

(3) தேங்காயெண்ணெய் 500 கிராம், கடலையெண்ணெய் 400 கிராம், ஆமணக்கெண்ணெய் 100 கிராம் சேர்ந்த கலவைக்கு முழுக் காரம் எவ்வளவு? நூற்றுக்கு எட்டுப் பங்கு குறைத்தால் எவ்வளவு? (விடை: 158.7 கிராம்; 146 கிராம்.)

(4) சென்ற பருவத்தில் எறியப்பட்ட தேனடைச் சக்கை எவ்வளவு? அதனை யாரிடமிருந்து, என்ன விலைக்குச் சேகரிக்கலாம்?

இவ்வினாக்களுக்கு விடை எழுதி வைத்துக்கொண்ட சங்கம், முதல் வார்ப்புக்கு எண்ணெயை எடைபோடத் தொடங்கலாம்.